கிரானைட் ஷெட் வடமாநிலத் தொழிலாளர்களிடம் உடல்நல ஆய்வு: கூட்டாளியாகச் சேரலாமா, வேண்டாமா?

#1 பர்கூர் வாசகன்

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர், ஜெகதேவி பக்கம் கல் அறுத்து மெருகேற்றும் கிரானைட் ஷெட்டுகளைப் பற்றி இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு அவற்றில் நம் ஆட்கள்தான் இருந்தார்கள். இன்றைக்கு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம். நான் அந்தச் சாலையில் மெஸ் நடத்துகிறேன். இரவுச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் அவர்களுக்குத்தான் போகிறது. அவர்களுக்காகவே கடுகெண்ணெய் வாங்கி வைக்கிறேன். அந்த வாசனைக்கு வீட்டில் நடக்கும் சண்டை தனிக் கதை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிலிருந்து ஒரு குழு எங்கள் வாசகர் வட்டத்தைத் தேடி வந்தது. புலம்பெயர் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறார்களாம். விண்ணப்பத்தில் எங்களைச் 'சமூகக் கூட்டாளி' என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ஷெட்டுக்குள் போக அனுமதி வாங்கித் தருவது, இந்தி தெரிந்த ஆள் பிடித்துத் தருவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேர்ப்பது, இவ்வளவுதான் எங்கள் வேலை. பதிலுக்கு அறிக்கையில் பெயர், ஒரு சான்றிதழ், தேநீர்ச் செலவு.

கேள்வித்தாளைக் காட்டினார்கள். பக்கம் பக்கமாகப் போகிறது. இருமல், மூச்சிரைப்பு, சர்க்கரை, பிரஷர், புகையிலை, தூக்கம், மனச்சோர்வு எல்லாம் இருக்கிறது. "இங்கே வருவதற்கு முன் எங்கே, என்ன வேலை செய்தாய்" என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. எனக்கு அங்கேதான் உறுத்தியது.

வட்டத்தில் பாதிப் பேர் சேரலாம் என்கிறார்கள். மீதிப் பேர் இது வேண்டாத வம்பு என்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளோடு பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 தேன்கனி அக்கா

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாதிரிக் குழுக்களோடு நிறையவே நடந்திருக்கிறேன். எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் சர்வே நாளன்று என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மேஸ்திரி ஆட்களை வரிசையாகக் கூட்டி வருவான். வந்தவன் போகாமல் பக்கத்திலேயே நிற்பான். "இருமல் இருக்கிறதா?" என்று கேட்டால் பையன் மேஸ்திரி முகத்தைப் பார்ப்பான். "நஹி", இல்லை என்பான். அடுத்த கேள்வி. அதுவும் "நஹி." கேள்வித்தாள் நிரம்பிவிடும். சாயங்காலம் அதே பையன், ஷெட் ஆட்கள் தங்கும் வரிசை அறைகளான லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பான்.

காசநோய் இருக்கிறதா என்று பார்க்கக் கொடுக்கும் சளி டப்பா கதை இன்னும் மோசம். காலையில் எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சை இழுத்து அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். இதை அவன் மொழியில் யாரும் சொல்லித்தருவதில்லை. டப்பாவைக் கையில் கொடுத்து "சுபஹ், சுபஹ்" (காலையில்) என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். மறுநாள் மூடியைத் திறந்து பார்த்தால் வெறும் எச்சில், நுரையோடு. லேபில் 'இல்லை' என்று வரும். அதுவும் நைட் ஷிப்ட் ஆளுக்குச் 'சுபஹ்' என்றால் வேலை முடிந்து படுக்கப் போகிற நேரம். அவன் தூங்கி எழுவது மதியம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்துக்கு டப்பா வாங்க யார் இருக்கிறார்கள்?

சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டம் சேர்த்துக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் சேராதே.

#3 நேர்ப்பேச்சு

யாருக்கும் பிடிக்காததைச் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்காரனுக்கே ஆயிரம் நோய். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் போர் தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறி, முதுகு வளைந்துபோன கிழவன் கிழவிகள் எத்தனை பேர்? அவர்களை யாராவது இப்படிப் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டார்களா? நேற்று வந்தவனுக்கு ஆய்வு, நமக்கு ஒன்றுமில்லை.

#4 தொப்பூர் கணவாய்

நேர்ப்பேச்சு, கேட்டார்கள். நீங்கள் சொன்ன பல், முதுகு நோய்தான் புளோரோசிஸ், தண்ணீரில் புளோரைடு அதிகமானால் வருவது. அதைப் பற்றி இந்த இரண்டு மாவட்டங்களில் எவ்வளவோ ஆய்வு நடந்திருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு இருக்கிறது. ஜப்பான் கடன் வாங்கி, 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தண்ணீர் வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் குடிக்கக்கூடாது என்ற வரம்பைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் கையில் இருந்ததால்தான் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்க முடிந்தது.

ஒன்று யோசியுங்கள். ஷெட்டிலும் லைன் வீட்டிலும் இருப்பவர்கள் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள்?

#5 பர்கூர் வாசகன்

போர் தண்ணீர்தான். கல் அறுக்கவும் அதுதான், சோறு வடிக்கவும் அதுதான். சில ஷெட்டில் கேன் தண்ணீர் வருகிறது. ஒகேனக்கல் குழாய் ஊருக்குள் வருகிறது, ஷெட்டுகளுக்கு வருவதில்லை.

கேள்வித்தாளில் தண்ணீர் பற்றியும் ஒன்றும் இல்லை, இப்போதுதான் கவனிக்கிறேன்.

#6 தொப்பூர் கணவாய்

நான் பொதுச் சுகாதாரம் படித்தவன், சொந்த ஊர் தர்மபுரி பக்கம். இந்த 'சமூகக் கூட்டாளி' முறை எங்கிருந்து வந்தது, எப்படி இருக்க வேண்டும் என்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பரா இஸ்ரேலும் அவருடன் இருந்தவர்களும் 1998-ல் இதைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். அதற்கு முன்பே, 1995-லிருந்து டெட்ராய்ட் நகரில் பல்கலைக்கழகம், நகரச் சுகாதாரத் துறை, பேட்டை அமைப்புகள் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து இப்படி வேலை செய்ய ஆரம்பித்திருந்தன. எதை ஆராய்வது என்பதிலிருந்து முடிவை யாரிடம் எப்படிச் சொல்வது என்பது வரைக்கும் அந்த மக்களுக்குச் சம பங்கு, அதுதான் அடிப்படை. கூட்டம் சேர்த்துக் கொடுப்பது இதில் சேராது. அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

புலம்பெயர்ந்தவர்களிடம் இது எப்படி நடந்தது என்பதற்கு மின்னசோட்டா மாநிலத்தின் ரோச்செஸ்டரைப் பாருங்கள். அங்கே பெரிய மருத்துவமனை மேயோ கிளினிக். ஊரில் சோமாலியர், கம்போடியர், மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் ஆங்கிலம் கற்கப் போகும் ஹாதோர்ன் என்ற வயதுவந்தோர் கல்விக்கூடமும் மேயோ டாக்டர்களும் 2004-ல் கைகோத்தார்கள். முதலில் எடுத்த விஷயம் காசநோய். அந்த மக்களோடு குழுக் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். நோயைவிட "ஊரில் தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்களே" என்ற பயம் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு அவர்களையும் சேர்த்துக்கொண்டே விளக்கப் படம் எடுத்து, அந்தக் கல்விக்கூடத்திலேயே பரிசோதனை வைத்தார்கள். பிறகு சர்க்கரை நோய்க்கும் அதே வழி. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் சோமாலியரும் ஸ்பானிய மொழிக்காரரும் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் வீடியோக்கள் எடுத்தார்கள்.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு இன்னொன்று. கீரை, ஸ்ட்ராபெரி தோட்டங்களில் வேலை செய்யும் மெக்சிகோக் குடும்பங்கள். 1999-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் அங்கே கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து, பூச்சிமருந்து அவர்கள் உடம்பில் எவ்வளவு சேர்கிறது, பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. பின்னாளில் உள்ளூர்ப் பிள்ளைகளே அங்கே ஆய்வாளர்களானார்கள். பருவப் பெண்கள் பூசும் கிரீம், ஷாம்பு பற்றி அவர்கள் கேள்வி எழுப்பினார்கள். மூன்று நாள் மட்டும் வேறு பொருளைப் பயன்படுத்தியதிலேயே சிறுநீரில் சில வேதிப்பொருள்களின் அளவு இறங்கியது தெரிந்தது. ஓசூர், தளி பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வெட்டும் பெண்களை வைத்து இதை யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் சிட்லிங்கி இருக்கிறது. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அரூர் தாண்டி அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் ஒரு குடிசையில் ஆரம்பித்தார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியர் வேலையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் இருக்கும் இடம். அங்கே பிரசவமும் குழந்தைச் சாவும் எப்படி மாறின என்று அரூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சட்டம் பேச வேண்டுமென்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் ஆய்வு செய்தால் கூடுதல் பாதுகாப்பு வேண்டும், ஆய்வின் பலன் அவர்களுக்குப் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒப்புதல் படிவம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். குழுவிடம் முதலில் கேட்க வேண்டியது, நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம் எங்கே என்பதுதான்.

#7 காவேரிப்பட்டினம் மாம்பழம்

கணவாய் சார், இதைப் படித்து முடிப்பதற்குள் என் பஸ் காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கே வந்துவிட்டது. நல்ல பதிவுதான்.

மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் சீசனில் ஆள் வருகிறார்கள். வருவதும் தெரியாது போவதும் தெரியாது. அவர்களையும் யாராவது கணக்கில் எடுங்களப்பா.

#8 பர்கூர் வாசகன்

கணவாய் அண்ணா, மிக்க நன்றி. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு இடிக்கிறது. ரோச்செஸ்டரில் அந்தச் சோமாலியர் குடும்பத்தோடு குடியேறியவர்கள். பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், பத்து வருடம் கழித்தும் அங்கேதான் இருப்பார்கள். சிட்லிங்கிக்காரர்கள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். என் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் அறுவடைக்கு ஊருக்குப் போவார்கள், சத் பூஜைக்குப் போவார்கள், திரும்பும்போது வேறு கான்ட்ராக்டரிடம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள். இன்றைக்குக் கமிட்டியில் உட்காரும் பையன் அடுத்த கூட்டத்துக்கு இருக்க மாட்டான்.

அப்படியானால் கூட்டாளி யார்? நாங்களா? நாங்கள் அவர்கள் இல்லையே. நான் அவர்களுக்குச் சோறு விற்கிறவன், வட்டத்தில் இன்னொருவர் அவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். அந்தத் தொழிலாளர்களின் பெயரில் நாங்கள் கையெழுத்துப் போடுவது சரியா?

#9 பென்னாகரத்தான்

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

எங்கள் பக்கம் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். எல்லாரும் பெங்களூரு கட்டட வேலை. அப்பா சென்ட்ரிங், அம்மா சித்தாள். நான் பாட்டியிடம் வளர்ந்தேன். அங்கே எங்கள் ஆட்கள்தான் வெளியூர்க்காரர்கள். தகரக் கொட்டகை, டேங்கர் தண்ணீர். யாராவது வந்து கணக்கெடுத்தால் மேஸ்திரியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விடுவார். காரணம் பயம் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதுதான்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பெங்களூருவில் ஒரு நாள் கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. நேராக ஊருக்குத்தான் வந்தார். எல்லாரும் அப்படித்தான். தெம்பு இருக்கும் வரை அங்கே, தெம்பு போனதும் இங்கே. பெங்களூருவில் அந்தக் கட்டடத்தில் போய் அன்றைக்கு யாராவது ஆய்வு செய்திருந்தால், எல்லாரும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றுதான் எழுதியிருப்பார்கள். உங்கள் பர்கூர் ஷெட்டிலும் அதேதான். நுரையீரல் போனவன் ஜோலார்பேட்டையில் பொக்காரோ ரயில் ஏறிவிட்டான். கேள்வித்தாளுக்குப் பதில் சொல்ல மிச்சம் இருப்பவன் இருபது வயதுப் பையன்.

கூட்டாளி யார் என்று கேட்டீர்கள். ஒரு அறையில் ஆறு பேர் இருந்தால், அதில் மூன்று நான்கு வருடமாக வந்து போகிற மூத்த ஆள் ஒருவன் இருப்பான். சமையல் முறை போடுவது, ஊருக்குப் பணம் அனுப்பித் தருவது, புதிதாக வந்தவனுக்கு வேலை சொல்லித்தருவது எல்லாம் அவன்தான். அவன் மேஸ்திரி இல்லை. அந்த ஆட்களைப் பிடியுங்கள். ஒருவன் போனாலும் அவன் இடத்துக்கு அதே ஊர்க்காரன் இன்னொருவன் வருவான். எங்கள் ஊரும் பெங்களூருவில் அப்படித்தான் நடந்தது, ஆட்கள் மாறினாலும் எந்தத் தெருக்காரன் எந்தச் சைட் என்பது மாறவில்லை.

#10 தொப்பூர் கணவாய்

பென்னாகரத்தான் சொன்னது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். அமெரிக்காவில் ஏழைகளாக இருந்தும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் சாவு விகிதம் குறைவாகத் தெரிந்தது. திடமானவர்கள் வருகிறார்கள் என்பது ஒரு காரணம். உடம்பு கெட்டவர்கள் ஊர் திரும்பிவிடுவதால் கணக்கில் விழுவதில்லை என்பது இன்னொன்று. எது எவ்வளவு என்று இன்னும் விவாதம் ஓடுகிறது.

அதனால் குழுவிடம் சொல்லுங்கள்: இப்போது இருப்பவர்களோடு, போனவர்களையும் கேட்க வேண்டும். அறையில் இருப்பவர்களிடமே "உன்னோடு வேலை செய்து உடம்பு முடியாமல் ஊருக்குப் போனவர்கள் யார்?" என்று கேட்டு, அவர்களுக்குப் போன் போட வேண்டும். வேலை வரலாறும் கட்டாயம். கல் தூசி நுரையீரலில் படிந்து வேலை காட்டப் பல வருடமாகும். இங்கே ஒரு வருடமாக இருக்கும் பையன் இதற்கு முன் ராஜஸ்தானில் கல் உடைத்தவனாக இருக்கலாம்.

#11 மெருகுக்கல்

நான் ஒரு சின்ன யூனிட் வைத்திருப்பவன். எல்லாரும் ஷெட் முதலாளியை வில்லனாகவே பார்க்கிறீர்கள், பரவாயில்லை.

முதலில் தொழிலைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். பெரிய கட்டிங் மெஷினும் பாலிஷ் லைனும் தண்ணீர் ஊற்றி ஓடுபவை. அங்கே தூசி பறக்காது, வெள்ளைச் சேறுதான் வரும். தூசி வருவது மூன்று இடத்தில். கையில் கிரைண்டர் பிடித்து ஓரம் தேய்ப்பவன், உலர்ந்த கல்லில் எழுத்தோ பூவோ வெட்டுபவன், அப்புறம் குவாரியில் துளை போடுபவன். இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள்: அந்தச் சேறு காய்ந்த பிறகு கூட்டி அள்ளுகிறவன். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாக இருப்பாள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. அவள் 'ஹெல்ப்பர்' என்று போகிறாள், கல் வேலைக்காரியாகவே யாரும் எண்ணுவதில்லை. எல்லாரையும் ஒரே கணக்கில் போட்டுச் சராசரி எடுத்தால் ஒன்றும் தெரியாது.

எனக்குள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் என் யூனிட் பெயர் வந்தால் அடுத்த வாரம் ஆய்வாளர் வந்து நிற்பார். பக்கத்து யூனிட்காரன் உள்ளே விடாமல் தப்பித்துக்கொள்வான். நேர்மையாகக் கதவு திறந்தவனுக்குத்தான் தண்டனை.

#12 தொப்பூர் கணவாய்

மெருகுக்கல் ஐயா, இந்த இழையிலேயே பயனுள்ள பதிவு இதுதான். சேறு அள்ளும் பெண்ணைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

பெயர் விஷயத்தில் உங்கள் பயம் நியாயம். அறிக்கையில் யூனிட் பெயர் போட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒன்று. சிலிகோசிஸ், அதாவது கல் தூசி படிந்து நுரையீரல் கெடும் நோய், 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருந்தது. கண்டுபிடித்த டாக்டர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று வைத்தார்கள். ஆகவே எக்ஸ்ரேயில் ஒருவருக்கு உறுதியானால், அதை மறைக்கிறோம் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

#13 நேர்ப்பேச்சு

அப்படியானால் ஒரு முதலாளியும் கதவு திறக்க மாட்டார். ஆய்வு அம்பேல்.

#14 தேன்கனி அக்கா

முதலாளி கதவு எதற்கு? லைன் வீட்டுக் கதவு இருக்கிறதே.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்திலேதான், சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறோம் என்று ஊரே பெருமைப்பட்டது, நானும்தான். ஆனால் நான் பார்த்த பகுதியில் பட்டியலில் இருப்பது குடும்பங்கள். லைன் அறை குடும்பம் இல்லை. தன்னார்வலர் போகும் நேரத்தில் அறை பூட்டியிருக்கும், அல்லது நைட் ஷிப்ட் ஆள் போர்த்திப் படுத்திருப்பான். அவளும் என்ன செய்வாள், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆய்வுக் குழு ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். எந்த லைனில் எத்தனை அறை, எந்த ஷிப்ட், என்ன மொழி என்று ஒரு பட்டியல் போட்டு அந்தத் துணை சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போனாலே போதும். ஆய்வு முடிந்த பிறகும் அது அங்கே இருக்கும்.

அப்புறம் டி.பி. மருந்து ஆறு மாசம். நடுவில் ஊருக்குப் போகிறவனுக்கு அரசின் காசநோய்ப் பதிவில் உள்ள நிக்ஷய் நம்பரை வைத்து அவன் மாவட்டத்துக்கு மாற்றிவிடலாம், அங்கே மருந்து கிடைக்கும். ஆனால் போவதற்கு முன் சொன்னால்தானே? ரயில் ஏறிய பிறகு போன் போட்டால் சிம் மாறியிருக்கும். சத்துணவுக்கு மாசம் 500 ரூபாய் இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கினார்கள். அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இங்கே பாதிப் பேருக்குப் பணம் அண்ணன் கணக்கிலோ ஊர்க்காரன் கணக்கிலோதான் போகிறது. இதெல்லாம் கேள்வித்தாளில் இருந்தால் எனக்கும் பிரயோஜனம், அவனுக்கும் பிரயோஜனம்.

#15 செவ்வந்தி

நான் ஓசூர் பக்கம் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறேன். ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பெண்கள், எல்லாம் இருபது வயதைச் சுற்றி. ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. 21,000 ரூபாய்க்குள் சம்பளம், அதில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள். ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் அட்டை என்பது போனில் வந்த ஒரு நம்பர் என்ற அளவுக்குத்தான் தெரியும். காசநோய் மாதிரி நீண்ட நோய்க்கு இரண்டு வருடம் வரை 80 சதவீதச் சம்பளம் கிடைக்கும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்ட் மாறுகிற பெண்ணுக்கு அது எட்டாக்கனி.

இவர்கள் டாக்டரிடம் போகாததற்குக் காரணம் கேட்டால் முதலில் மொழி என்பார்கள். கொஞ்சம் பழகிய பிறகு கேட்டால், ஒரு நாள் லீவு போட்டால் வருகை ஊக்கத்தொகை மொத்தமாகப் போய்விடும் என்பார்கள். மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். நைட் ஷிப்ட், சாப்பாடு மாற்றம், கவலை, எதுவென்று தெரியவில்லை. இதை ஒரு ஆண் மாணவர் டேப்லெட்டை வைத்துக்கொண்டு கேட்டால் அவள் சொல்வாளா?

மொழி பற்றியும் ஒன்று. இந்தி பேசுகிற ஆளைப் பிடித்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் உருது பேசும் அக்காக்கள் இருக்கிறார்கள், பீகார்ப் பெண்களோடு நன்றாகவே பேசிவிடுவார்கள். ஆனால் சந்தாலி பேசுகிறவளுக்கும் ஒடியா பேசுகிறவளுக்கும் இந்தி நமக்கு இருப்பது போலத்தான். கடைக்குப் போக வரும், வலியைச் சொல்ல வராது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து பேசும் ஓசூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும்.

#16 செங்கல்

எல்லாம் சரி. ஆனால் இன்னும் எத்தனை ஆய்வு? கல் தூசியில் நுரையீரல் போகும் என்பது தெரிந்த விஷயம். சிலிகோசிஸ் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்புப் பல மடங்கு கூடும் என்பதும் தெரியும். தண்ணீர் தெளித்து அறுத்தால் தூசி குறையும் என்பதும் தெரியும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே சட்டம் போட்டாயிற்று. ராஜஸ்தான் 2019-ல் சிலிகோசிஸுக்கென்று கொள்கை கொண்டுவந்து நிவாரணம் கொடுத்தது. இங்கே அப்படி ஒன்று கேட்டுப் போராடாமல், கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருப்பது காலம் கடத்தல். ஆய்வு முடிந்ததும் அவருக்கு எம்.டி. பட்டம், இவனுக்கு இருமல்.

#17 பென்னாகரத்தான்

செங்கல் தோழர், கடைசி வரிக்குக் கைதட்டல். ஆனால் நிவாரணம் கேட்கப் போனால் முதல் கேள்வி "எத்தனை பேர், சான்று எங்கே?" ராஜஸ்தானிலும் சான்றிதழ் கையில் இருப்பவருக்குத்தான் பணம். நம் பக்கம் இருமிக்கொண்டு போனால் டி.பி. மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள், சளியில் கிருமி இல்லாவிட்டாலும். என்ன கல், எத்தனை வருடம் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படும் ஒரு இடமாவது உருவாகட்டும்.

#18 செங்கல்

சரி, அப்படியென்றால் சொல்கிறேன். எக்ஸ்ரே எடுப்பதும், எடுத்த படத்தை அவன் கையிலேயே கொடுப்பதும் உண்டென்றால் நான் எதிர்க்கவில்லை. படம் கல்லூரி அலமாரிக்குப் போகக் கூடாது. 2023 மார்ச்சில் பொய் வீடியோ பரவி பீகார்த் தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறினார்களே, அதற்குப் பிறகு பெயர், ஆதார், போன் நம்பர் எழுதிக்கொள்ள யார் வந்தாலும் அவர்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அதையும் குழுவுக்குச் சொல்லுங்கள். ஆதார் நம்பர் எதற்கு?

#19 காவேரிப்பட்டினம் மாம்பழம்

கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் இருந்தால் அவர்கள் ஜோலார்பேட்டை வரை பஸ் பிடிக்க வேண்டியிருக்காது. (மன்னிக்கவும், எந்த இழையிலும் இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது.)

#20 பர்கூர் வாசகன்

குழுவோடு பேசிவிட்டு வந்தேன். இங்கே எழுதியதில் பாதியை அச்சடித்து எடுத்துப்போனேன், அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வேலை வரலாறும் தண்ணீரும் கேள்வித்தாளில் சேர்க்கிறார்கள். அதற்கு இடம் வேண்டுமென்று மனச்சோர்வுக் கேள்விகளை வெட்டப் பார்த்தார்கள். நான் சொல்வதற்கு முன்பே குழுவில் இருந்த ஒரு பெண் டாக்டர் கூடாது என்று நிறுத்திவிட்டார். ஷெட்டில் எடுப்பதை விட்டுவிட்டு லைன் அறைகளில், மேஸ்திரி இல்லாமல் எடுக்க ஒத்துக்கொண்டார்கள். ஆதார் வேண்டாம் என்றதும் உடனே சரி என்றார்கள். அது எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை, பழைய படிவத்தில் இருந்ததை அப்படியே எடுத்திருக்கிறார்கள். கேள்வி கேட்பவர்களில் பாதிப் பேர் தொழிலாளர்களாகவே இருக்க வேண்டும், அந்த நாள் கூலியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். பட்ஜெட்டில் 'இதர செலவு' என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதிலிருந்து கொடுக்கலாமாம். நெறிமுறைக் குழு அனுமதி இன்னும் வரவில்லை. வந்த பிறகுதான் எங்கள் கையெழுத்து.

ஒத்துக்கொள்ளாததையும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போனவர்களைத் தேடிப் போன் போடுவது இந்த ஆய்வில் முடியாது, அடுத்ததில் பார்க்கலாம் என்கிறார்கள். பென்னாகரத்தான் சொன்னது போல அதுதான் முக்கியமான பகுதி, எனக்கு மனசு ஆறவில்லை. போனவர்களின் பெயர்ப் பட்டியலையாவது நாங்கள் எழுதி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். கையடக்க எக்ஸ்ரே மெஷினை மாவட்டக் காசநோய்ப் பிரிவிடம் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். கிடைத்தால்தான் படம். முடிவுகளை மூன்று மாதத்துக்குள் லைன் அறைகளில் வந்து சொல்ல வேண்டும் என்றதற்கு, "கட்டுரை வெளிவரும் முன் சொல்லலாமா என்று கேட்டுப் பார்க்கிறோம்" என்றார்கள். கட்டுரை வெளிவரும்போது இந்தப் பையன்கள் எந்த மாநிலத்தில் இருப்பார்களோ என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எழுத்தில் வந்தால்தான் வட்டம் சேரும்.

அறைமூத்தவர்கள் நான்கு பேர் பேச வந்தார்கள். மெருகுக்கல் ஐயா தன் யூனிட்டில் சேறு அள்ளும் பெண்களிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார், அவருக்கு நன்றி. இப்போது அவசரத் தேவை, சந்தாலி தெரிந்த ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஒப்புதல் படிவத்தைப் படித்துச் சொல்ல வேண்டும்.

#21 தொப்பூர் கணவாய்

மூன்று மாத நிபந்தனையில் உறுதியாக நில்லுங்கள். ஒருவருடைய சொந்தப் பரிசோதனை முடிவை அவரிடம் சொல்வதற்கும் கட்டுரை வெளியீட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதை உடனே சொல்லியாக வேண்டும். மொத்த முடிவைச் சுருக்கமாக அந்த மக்களிடம் சொல்வதற்குப் பத்திரிகைகளும் பொதுவாகத் தடை சொல்வதில்லை. நான் ஒரு கடித வரைவு எழுதித் தருகிறேன்.

#22 நேர்ப்பேச்சு

தண்ணீர்க் கேள்வி சேர்த்தது சரி. ஷெட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் நம் ஆட்களின் போரையும் சேர்த்துச் சோதியுங்கள். அதே பாறை, அதே தண்ணீர்தான்.

#23 செவ்வந்தி

எங்கள் விடுதியில் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். சந்தாலி, இந்தி, இப்போது தமிழும் ஓரளவு பேசுகிறாள். கேட்டேன், வருகிறேன் என்றாள். ஆனால் அவளுக்கு வார விடுமுறை புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு நாள் கூலியோடு அந்த ஊக்கத்தொகையும் போய்விடும், 'இதர செலவு' இரண்டையும் தாங்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் புதன் சாயங்காலம் நைட் ஷிப்ட் ஆட்கள் எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நானே பஸ்ஸில் கூட்டி வருகிறேன்.